ஒலேக்கின் கேடயமும் ஒற்றை வாயிலும்: 907ஆம் ஆண்டுத் தாக்குதல் நடந்ததா?

கூதிர் எழுதியது:

கீவ் நகரத்து ஆண்டுக்குறிப்பைப் படித்தவர்கள் அனைவருக்கும் இந்தக் காட்சி நினைவிருக்கும். 907ஆம் ஆண்டில், வடநாட்டு (ஸ்காண்டிநேவிய) வழிவந்த ரூஸ் மக்களின் தலைவனாகக் கீவை ஆண்ட ஒலேக் 2000 படகுகளோடு, படகுக்கு 40 பேராக, கிரேக்கரின் பைசாந்தியப் பேரரசுத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்கு வருகிறான். கிரேக்கர் கடல்வழியை அடைத்து, நகரவாயிலையும் சாத்திவிடுகிறார்கள். அவன் படகுகளுக்குச் சக்கரம் பூட்டிப் பாய்விரித்து, காற்று வாகாக வீசியதும் வயல்வெளி வழியாகவே நகரை நோக்கி ஓட்டுகிறான். அஞ்சிய கிரேக்கர் ஆளுக்கு 12 கிரிவ்னா (அக்காலத்து எடை அளவு) வெள்ளி கொடுக்க இசைகிறார்கள். வெற்றிக்கு அடையாளமாகத் தன் கேடயத்தை வாயிலில் மாட்டிவிட்டு அவன் ஊர் திரும்புகிறான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 80,000 வீரர்களும் 9,60,000 கிரிவ்னாவும் வருகின்றன. இந்தப் பெருக்கலே கதையின் மேல் ஐயத்தைக் கிளப்புகிறது. எனக்கு அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, அந்தக் காலத்துக் கிரேக்க வரலாற்று நூல்கள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான். ஆனால் 911ஆம் ஆண்டில் பேரரசன் ஆறாம் லியோவுக்கும் ஒலேக்குக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். படையெடுப்பு கட்டுக்கதை என்றால் உடன்படிக்கை எங்கிருந்து வந்தது? எதிரி வாசலில் நில்லாதபோது ஒரு பேரரசு எதற்காக இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்? இதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

முதலில் நம் கையில் இருக்கும் ஏடு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். கீவ் ஆண்டுக்குறிப்பு இன்றைய வடிவில் தொகுக்கப்பட்டது 1110களில். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய படியான லவ்ரெந்தியப் படி 1377ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ஆகவே ஒலேக்கைப் பற்றி அதில் எழுதியவர் அவன் காலத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிற்பட்டவர். அவருக்கு முன்னே வீரக்கதைகளும் இருந்தன, பழைய ஆவணங்களின் மொழிபெயர்ப்புகளும் இருந்தன. இரண்டையும் அவர் ஒரே மையில் எழுதிவைத்தார். அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் நம் வேலை.

கிரேக்கரின் மௌனத்தை எடைபோட, மற்ற இரண்டு தாக்குதல்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 860ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, பேரரசன் மூன்றாம் மைக்கேல் அராபியருக்கு எதிராகப் படைநடத்திச் சென்றிருந்தபோது, ரூஸ் படகுகள் திடீரென்று நகரத்தின் முன் தோன்றின. மறைமுதல்வர் போத்தியஸ் அப்போது ஆற்றிய இரண்டு மறையுரைகள் இன்றும் கிடைக்கின்றன. அடுத்து 941இல், ஒலேக்குக்குப் பின் கீவை ஆண்ட ஈகோர் படையெடுத்து வந்தபோது கிரேக்க எழுத்தாளர்கள் மட்டுமல்லர், இத்தாலியின் கிரெமோனா நகரத்து லியூத்பிராண்டும் எழுதினார். அவருடைய மாற்றாந்தந்தை அப்போது தூதராக அந்நகரில் இருந்து, பிடிபட்ட ரூஸ் வீரர்கள் தலைவெட்டப்பட்டதைக் கண்ணால் கண்டவர். ஆக, முன்னதும் பின்னதும் பலர் பேனாவில் பதிவாயின. நடுவில் 907 மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

மானக்கேட்டை மறைத்திருப்பார்கள் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் 904இல் தெசலோனிக்கா நகரத்தை அராபியக் கடற்படை சூறையாடியதை அதே கிரேக்க எழுத்தாளர்கள் மறைக்கவில்லை. அவர்களில் சிலருக்கு லியோவின் மேல் அன்பும் இல்லை. தலைநகரின் வாயிலிலேயே ஒரு அயலான் கேடயத்தை மாட்டியிருந்தால், லியோவைக் குத்திக்காட்ட அதைவிட நல்ல செய்தி அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

உடன்படிக்கையின் நிலை வேறு. 911 செப்டம்பர் 2 என்று நாளிட்ட அந்த வாசகம் பழைய ஸ்லாவிய மொழியில் இருந்தாலும், அதன் தொடர் அமைப்பு கிரேக்க அரசு அலுவலகத்தின் வார்ப்பு. தொடக்கத்திலேயே ‘மற்றொரு ஆவணத்துக்கு நிகரானது’ என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. ஸ்லாவிய மொழியில் அதற்கு இயல்பான பொருள் அமையாது; கிரேக்க எழுத்தர்கள் ‘மெய்ப்படி’ என்பதற்கு வழங்கிய சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை அது. வீரக்கதை பாடுகிறவனுக்கு இப்படிப்பட்ட பிழை செய்ய வராது. ஆவணத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்ப்பவனுக்கு மட்டுமே வரும்.

உள்ளடக்கத்தைப் பாருங்கள். வாளால் அடித்தவன் 5 இறாத்தல் வெள்ளி கட்ட வேண்டும். திருடியவன் மூன்று மடங்காகத் திருப்ப வேண்டும். கரை ஒதுங்கிய கப்பலுக்கு உதவ வேண்டும். கிரேக்க நாட்டில் இறந்துபோன ரூஸ் வீரனின் பொருள் ஊரில் இருக்கும் உறவினருக்குப் போய்ச்சேர வேண்டும். இவை ஒருமுறை கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட விதிகள் அல்ல. ஆண்டுதோறும் வந்து, தங்கி, சண்டையிட்டு, கடன்பட்டு, சில வேளைகளில் அங்கேயே செத்தும் போகிறவர்களுக்கு எழுதப்பட்டவை.

வடபுலத்தான் எழுதியது:

நண்பர் பழஞ்சுவடியின் வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் வழுக்குகிறது. மௌனம் என்பது சான்று ஆகாது. அந்தக் காலத்துக் கிரேக்க நூல்கள் எத்தனை அழிந்தன என்று யாரும் எண்ணிவைத்திருக்கவில்லை. சக்கரம் வைத்த படகும் நகைப்புக்கு உரியது அன்று. பால்டிக் பக்கத்து ஆறுகளிலிருந்து தினேப்பர் ஆற்றுக்கு வருகிறவர்கள் இடையிலுள்ள மேட்டுநிலத்தில் படகை உருளைக்கட்டைமேல் ஏற்றி இழுத்துவருவது ஆண்டுதோறும் நடந்த வேலை. ரூஸ் படகோட்டிக்கு அது வித்தையே இல்லை. பார்த்திராத கிரேக்கனுக்கு வேண்டுமானால் வித்தையாகத் தோன்றியிருக்கும்.

சலுகைகளையும் பாருங்கள். ஆண்டுக்குறிப்பில் 907ஆம் ஆண்டின் கீழ் எழுதப்பட்ட உடன்படிக்கை வாசகத்தின்படி, ரூஸ் வணிகர்களுக்கு ஆறு மாதம் வரை மாதப்படி உண்டு: ரொட்டி, திராட்சை மது, இறைச்சி, மீன், பழம். வேண்டுமட்டும் குளிக்க வெந்நீர்க் குளியலகம் உண்டு. ஊர் திரும்பும்போது வழிச்சோறும் நங்கூரமும் கயிறும் பாயும் பேரரசன் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுங்கம் கிடையாது. இதே லியோவின் காலத்து நகரத் தலைவரின் விதிநூல், சிரியாவிலிருந்து வந்த வணிகர்கள் மூன்று மாதத்துக்குமேல் நகரில் தங்கக் கூடாது என்கிறது. நாகரிகமான பழைய வாடிக்கையாளனுக்கு மூன்று மாதம், காட்டிலிருந்து வந்தவனுக்குச் சோறும் போட்டு ஆறு மாதம் என்றால், பின்னவன் கையில் ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் பொருள். அது விற்கக் கொண்டுவந்த தேன்கூடு மட்டும் என்று நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்று: 860இல்கூட நகரம் தன் வலிமையால் பிழைக்கவில்லை. கன்னி மரியாளின் ஆடையைக் கடலில் நனைத்ததும் புயல் எழுந்து படகுகளைச் சிதறடித்தது என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

புயலைப் பற்றி முதலில். அது பிற்காலத்தவர் சேர்த்தது. முற்றுகையின்போது நகருக்குள் இருந்தவர் போத்தியஸ். அவர் மரியாளின் ஆடையை மதிலைச் சுற்றி எடுத்துச்சென்றதைச் சொல்கிறார், உடனே எதிரிகள் விலகிப்போனார்கள் என்றும் சொல்கிறார். புயல் என்ற பேச்சே அவரிடம் இல்லை. பேசுவதற்கு அவ்வளவு வாகான ஒரு புயல் வீசியிருந்தால், போத்தியஸ் போன்ற சொல்வல்லார் அதை விட்டிருப்பாரா? எந்தக் கதையும் தலைமுறை தாண்டும்போது சதைபோட்டுக்கொள்ளும் என்பதற்கு இதுவே போதும். கேடயமும் அப்படித்தான் வந்திருக்கும் என்பது என் கருத்து.

ஆனால் அழுத்தம் இல்லாமல் சலுகை வராது என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 860இன் அச்சம் அந்த நகரத்தின் நினைவில் ஆறாமல் இருந்தது; கிரீட்டும் சிசிலியும் அராபியர் கையில், தெசலோனிக்கா சூறையாடப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நிலையில் வடக்கிலிருந்து வருகிறவனை எதிரியாக்காமல் வாடிக்கையாளனாக்கிக்கொள்வது மலிவு. கையிலிருந்தது என்ன என்று கேட்டீர்கள். உடன்படிக்கையிலேயே விடை இருக்கிறது. பேரரசனுக்குப் படைவீரர்களாகச் சேர விரும்பும் ரூஸ் மக்களை யாரும் தடுக்கக் கூடாது என்று ஒரு விதி. அதே காலத்தில் கிரீட்டை மீட்கக் கடற்படைத்தலைவர் ஹிமேரியோஸ் திரட்டிய படையின் பட்டியலில் 700 ரூஸ் வீரர்கள் கணக்கெழுதப்பட்டிருக்கிறார்கள். மாதப்படி ரொட்டி, மீன் எல்லாம் இதற்கான முன்பணம் என்றே நான் படிக்கிறேன்.

அந்த மாதப்படியோடு ஒட்டிவந்த கட்டுப்பாடுகளை நண்பர் எடுத்துச்சொல்லவில்லை. ரூஸ் வணிகர்கள் நகருக்குள் தங்கக் கூடாது. மதிலுக்கு வெளியே, பாஸ்பரஸ் கரையில் புனித மாமாஸ் பகுதியில் தங்க வேண்டும். அரசு ஆள் வந்து பெயரை எழுதிக்கொண்ட பிறகே படி கிடைக்கும். நகருக்குள் ஒரே வாயில் வழியாக, படைக்கலம் இல்லாமல், 50 பேருக்கு மேற்படாமல், பேரரசனின் ஆள் கூட வர நுழைய வேண்டும். கதையில் வாயிலில் கேடயத்தை மாட்டுகிறவன், ஆவணத்தில் அதே நகரத்தின் ஒரு வாயிலில் ஆயுதத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறான். இரண்டையும் ஒரே நூல் சில பக்க இடைவெளியில் சொல்வதுதான் வேடிக்கை. 907இன் வாசகமே 911ஆம் ஆண்டு ஆவணத்திலிருந்து ஒரு பகுதியை உருவிப் பின்னால் வந்தவர் முன்தேதியிட்டு வைத்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அப்படியே படுகிறது.

மருதம் எழுதியது:

இதுவரை கிரேக்கரும் ரூஸ் வீரர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கு ஸ்லாவியர்கள் எங்கே என்று கேட்க வந்தேன்.

ஒலேக்கின் கதையில் எல்லோரும் கேடயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த சில வரிகள்தான் எனக்குப் பொன். திரும்பும் பயணத்துக்காக ஒலேக் ரூஸ் படகுகளுக்குக் கனத்த பட்டில் பாய் தைக்கச் சொல்கிறான். ஸ்லாவியர்களின் படகுகளுக்கு மெல்லிய பட்டு. கடலில் இறங்கியதும் காற்று மெல்லிய பட்டைக் கிழித்துவிடுகிறது. ‘நம்முடைய முரட்டுத் துணியையே கட்டிக்கொள்வோம், பட்டுப்பாய் ஸ்லாவியருக்குக் கொடுத்துவைக்கவில்லை’ என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதை சொன்னவர்களுக்கு ரூஸ் வேறு, ஸ்லாவியர் வேறு. ஒரே கடலில், ஒரே படையில், ஒருவன் பாய் தாங்குகிறது, இன்னொருவன் பாய் கிழிகிறது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் யார், முணுமுணுத்தவர்கள் யார் என்று நினைத்துப்பார்க்கலாம்.

ஆவணமும் அதையே சொல்கிறது. 911ஆம் ஆண்டுத் தூதர்களின் பெயர்களைப் படியுங்கள்: கார்ல், இங்கெல்த், ஃபார்லோஃப், வெரெமுத், ருலாவ். எல்லாம் வடநாட்டு ஒலி. 944ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் தூதர்கள் பெரும்பாலும் அப்படியே. ஆனால் அவர்களை அனுப்பியவர்களின் பெயர்களில் ஸ்வியாதொஸ்லாவ், வொலோதிஸ்லாவ், பிரெத்ஸ்லாவா என்று ஸ்லாவியப் பெயர்கள் வந்துவிட்டன. முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஆளும் வீட்டுத் தொட்டிலில் மொழி மாறத் தொடங்கியிருக்கிறது.

பேரரசன் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக 950ஐ ஒட்டி எழுதிவைத்த அரசாட்சிக் கையேட்டின் 9ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. குளிர்காலத்தில் ஸ்லாவியர்கள் தங்கள் மலைக்காடுகளில் மரத்தை வெட்டிக் குடைந்து ஒற்றைமரப் படகுகளின் உடலைச் செய்துமுடிக்கிறார்கள். பனி உருகியதும் அருகிலுள்ள ஏரிகளில் இறக்கித் தினேப்பர் வழியாகக் கீவுக்குக் கொண்டுவந்து ரூஸ் மக்களுக்கு விற்கிறார்கள். வாங்கியவர்கள் பழைய படகைப் பிரித்து, அதன் துடுப்பையும் துடுப்புக்கொண்டியையும் புதியதில் பூட்டிக்கொள்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் ரூஸ் தலைவர்கள் கீவை விட்டுக் கிளம்பித் திரெவ்லியர், திரெகோவிச்சர், கிரிவிச்சர், செவெரியர் ஆகிய ஸ்லாவியக் குடிகளின் ஊர்களைச் சுற்றிவந்து, குளிர்காலம் முழுவதும் அவர்கள் சோற்றையே உண்கிறார்கள். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்ததும் கீவுக்குத் திரும்புகிறார்கள். மரமும் அவர்களுடையது, சோறும் அவர்களுடையது, வணிகம் மட்டும் வேறொருவருடையது.

ஜூன் மாதத்தில் படகுகள் வித்திச்செவ் என்ற இடத்தில் ஒன்றுகூடிப் புறப்படும். தினேப்பரில் ஏழு பாறைப்பாய்ச்சல்கள். முதலாவதற்கு ‘எஸ்ஸூபி’ என்று பெயர். ‘தூங்காதே’ என்று பொருள் என்கிறான் கான்ஸ்டன்டைன். அதன் அகலம் அரண்மனைக் குதிரைப்பந்து மைதானத்தின் அகலம்தான் என்று ஓர் அளவும் தருகிறான். வாழ்நாளில் அந்த ஆற்றைப் பார்க்காத ஒருவன், தன் சன்னலிலிருந்து தெரிவதைக் கொண்டு அதை அளந்திருக்கிறான்! நடுவில் தீவுகளைப்போல உயர்ந்த பாறைகள். நீர் அவற்றில் மோதிப் பேரிரைச்சலோடு விழுகிறது. அங்கே ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, மற்றவர்கள் ஆடை களைந்து நீரில் இறங்கி, படகு பாறையில் தட்டிவிடாதபடி காலால் தடவித் தடவி, முன்னால் சிலர், நடுவில் சிலர், பின்னால் சிலராகக் கழிகொண்டு தள்ளிக் கரையோரமாகக் கடத்துகிறார்கள். நான்காவது பாய்ச்சல்தான் கொடியது. அங்கே எல்லாவற்றையும் கரையில் ஏற்றி, புல்வெளி நாடோடிகளான பெச்செனெக் மக்களின் குதிரைப்படைக்கு அஞ்சிக் காவல் வைத்து, சங்கிலியில் பிணைத்த அடிமைகளை ஆறு மைல் நடத்திக்கொண்டுபோகிறார்கள்; படகுகளைச் சிலர் இழுக்கிறார்கள், சிலர் தோளில் சுமக்கிறார்கள்.

கையேடு அந்தப் பாய்ச்சல்களுக்கு இரண்டு வரிசைப் பெயர்களைத் தருகிறது, ‘ரூஸ் மொழியில்’ என்றும் ‘ஸ்லாவிய மொழியில்’ என்றும். ரூஸ் பெயர்கள் பெரும்பாலும் பழைய வடநாட்டு மொழி. 10ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட ஒரே படகில் இரண்டு மொழிகள் ஒலித்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

கூதிர் எழுதியது:

மருதம் அவர்களுக்கு நன்றி. கேள்வி கேட்டபோது என் மனத்தில் கேடயம் இருந்தது. இப்போது அந்தச் சங்கிலி நிற்கிறது. பிணைக்கப்பட்டவர்கள் யார்? படகு வெட்டிக் கொடுத்தவர்களின் உறவினர்கள்தாமா?

வடபுலத்தான் எழுதியது:

பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கப்பம் வாங்கப் போன ஊர்களும் போரில் பிடித்த ஊர்களும் ஸ்லாவிய, பின்னிய மக்களுடையவை. நான்காவது பாய்ச்சலின் ரூஸ் பெயர் ‘ஐஃபூர்’ என்பது. சுவீடனின் காட்லாந்து தீவில் நட்ட பில்கார்ட்ஸ் கல்வெட்டிலும் அதே பெயர் இருக்கிறது, அங்கே இறந்த தோழனுக்காக உடன்பிறப்புகள் எழுப்பிய கல் அது. சங்கிலியில் நடந்தவர்களுக்குக் கல் இல்லை. அவர்களுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. 944ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ரூஸ் மக்கள் கொண்டுவரும் கிரேக்கச் சிறைக்கைதியை மீட்க வேண்டுமானால், இளைஞனுக்கோ நல்ல பெண்ணுக்கோ 10 பொற்காசு, நடுவயதினருக்கு 8, கிழவருக்கும் குழந்தைக்கும் 5. ரூஸ் வணிகனின் அடிமை ஓடிப்போய்க் கிடைக்காவிட்டால், ஈடாக இரண்டு பட்டுத்துணி தரவேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு பட்டு என்ற அந்தக் கணக்கில் முழு வணிகமும் அடங்கியிருக்கிறது.

நான் மேலே எழுதியதைச் சிறிது திருத்திக்கொள்கிறேன். 944இன் விதிகள் 911இன் விதிகளைவிடக் கடுமையானவை. 50 பொற்காசுக்கு மேற்பட்ட பட்டு வாங்கக் கூடாது. வாங்கியதை அரசு ஆளிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். சுங்கவிலக்கைப் பற்றிய பேச்சு இல்லை. புனித மாமாஸில் குளிர்காலத்தைக் கழிக்கக் கூடாது. காரணம் இடையில் நடந்த 941. ஈகோரின் படகுகளை எதிர்க்க நகரத்தில் கடற்படை இல்லை. மிஞ்சியிருந்த 15 ஓட்டைக் கப்பல்களைப் பழுதுபார்த்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நெருப்புக்குழாய் பொருத்தி அனுப்பினார்கள் என்று லியூத்பிராண்ட் எழுதுகிறார். தீயைக் கண்டு கடலில் குதித்தவர்கள் கவசத்தின் பாரத்தால் மூழ்கினார்கள். நீந்தியவர்கள் நீரின்மேலேயே எரிந்தார்கள். தப்பிவந்தவர்கள் ‘வானத்து மின்னலைக் கிரேக்கர் கையில் வைத்திருக்கிறார்கள்’ என்று ஊரில் சொன்னதாகக் கீவ் ஆண்டுக்குறிப்பும் ஒப்புக்கொள்கிறது. படையெடுத்துத் தோற்றால் விதி கடுமையாகிறது என்பது 944இல் தெரிகிறது. அப்படியானால் 911இன் தாராளத்துக்கு முன்னால் ஒரு தோல்வி இல்லை என்றாவது நீங்கள் ஒப்ப வேண்டும்.

பழஞ்சுவடி எழுதியது:

அதை ஒப்புகிறேன், மகிழ்ச்சியோடே. 907க்கு அருகில் சில படகுகள் வந்து அச்சுறுத்தியிருக்கலாம். ஏதோ ஒன்று நடந்திருக்கலாம். 2000 படகும் சக்கரமும் கேடயமும் என்ற அந்த ஒப்பனையைத்தான் மறுக்கிறேன்.

கூதிர் கேட்டதற்கு ஒரு வரி சேர்க்கிறேன். 944ஐ அடுத்த ஆண்டே ஈகோர் திரெவ்லியரிடம் கப்பம் வாங்கப் போனான். வாங்கியது போதாதென்று சிறு படையோடு மறுபடியும் போனான். ‘ஓநாய் ஆட்டுமந்தையில் பழகிவிட்டால், அதைக் கொல்லாவிட்டால் மந்தையையே முடித்துவிடும்’ என்று சொல்லி அவனைக் கொன்றார்கள். படகும் சோறும் கொடுத்தவர்களின் குரல் அந்த நூலில் தெளிவாகக் கேட்கும் இடம் அதுதான்.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இழையை இன்றுதான் பார்த்தேன். ஈகோரின் மனைவி ஓல்கா, தன்னை மணக்க விரும்பிய பேரரசனைத் தந்திரத்தால் ஏமாற்றினாள் என்று படித்திருக்கிறேன். அவனையே ஞானத்தந்தையாக வைத்துத் திருமுழுக்குப் பெற்று, ‘மகளை மணக்க உங்கள் சமயத்தில் இடமுண்டா?’ என்று கேட்டாளாமே? அதுவும் ஒலேக்கின் கேடயத்தைச் சேர்ந்ததுதானா?

பழஞ்சுவடி எழுதியது:

அதே வகைதான், ஆனால் இங்கே ஏமாற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறவனுடைய அரண்மனைக் குறிப்பே நம்மிடம் இருக்கிறது. ஏழாம் கான்ஸ்டன்டைன் தொகுத்த அரண்மனைச் சடங்குநூலில் ஓல்காவுக்கு அளித்த இரண்டு வரவேற்புகள் எழுதப்பட்டுள்ளன: செப்டம்பர் 9 புதன்கிழமை ஒன்று, அக்டோபர் 18 ஞாயிற்றுக்கிழமை மற்றொன்று. ஆண்டு மட்டும் எழுதப்படவில்லை. கிழமையைக் கணக்கிட்டால் 946க்கும் பொருந்துகிறது, 957க்கும் பொருந்துகிறது. அதனால் அறிஞர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. முதல் நாள் அவளுக்கு மணிபதித்த பொற்கிண்ணத்தில் 500 வெள்ளிக்காசு, இரண்டாம் முறை 200. அவளோடு வந்த கிரெகோரி என்ற குருவுக்கு 8 காசு. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணிகர்களுக்கும் எவ்வளவு என்பதுகூடக் கணக்கில் இருக்கிறது. திருமுழுக்கைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. திருமணப் பேச்சுக்கோ இடமே இல்லை: பேரரசி ஹெலெனா உயிரோடு அருகில் அமர்ந்து விருந்தளித்தாள். ஓல்கா பின்னர் ஏற்ற கிறித்தவப் பெயரும் ஹெலெனாதான்.

கதையைவிட நடந்தது சுவையானது. அதே கான்ஸ்டன்டைன் தன் கையேட்டின் 13ஆம் அதிகாரத்தில், கசாரோ மாகியாரோ ரூஸோ வந்து கேட்டால் மூன்றை எந்நாளும் கொடுக்கக் கூடாது என்று மகன் ரொமானோஸுக்கு எழுதுகிறான்: பேரரச உடையும் முடியும், நீர்மேல் எரியும் தீ, பேரரசக் குடும்பத்துப் பெண். கேட்பவனுக்குச் சொல்ல ஒரு பொய்யையும் கற்றுக்கொடுக்கிறான்: ‘இவை வானதூதன் வழியாகக் கடவுள் தந்தவை, கொடுப்பவனைச் சபித்து எங்கள் முன்னோன் கோயில் பலிபீடத்தில் எழுதிவைத்திருக்கிறான் என்று சொல்.’

நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 987இல் படைத்தலைவன் பார்தாஸ் போக்காஸ் கிளர்ந்தெழுந்து ஆசியப் பகுதி முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டபோது, பேரரசன் இரண்டாம் பாசிலுக்குத் தலைநகரைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை. ஓல்காவின் பேரன் விளாதிமிரிடம் ஆள் கேட்டான். ஆர்மீனிய வரலாற்றாசிரியர் ஒருவரின் கணக்கில் 6000 வீரர்கள் வந்தார்கள். கிரிசோபோலிஸில் கிளர்ச்சிப்படை சிதைந்தது; 989 ஏப்ரல் 13 அன்று அபிதோஸ் போர்க்களத்தில் போக்காஸும் இறந்தான். விலையாக விளாதிமிர் கேட்டது பாசிலின் தங்கை அன்னாவை. கிரிமியக் கரையிலுள்ள கெர்சோன் நகரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டுதான் பெற்றான். திருமுழுக்கும் திருமணமும் சேர்ந்தே நடந்தன. அன்னா யார் தெரியுமா? ரொமானோஸின் மகள்; கையேட்டை எழுதிய கான்ஸ்டன்டைனின் சொந்தப் பேத்தி.

வடபுலத்தான் எழுதியது:

விளாதிமிர் சமயங்களை ஆராயத் தூதனுப்பியதும், தூதர்கள் கான்ஸ்டான்டிநோபிளின் சோபியா கோயிலின் அழகைக் கண்டு ‘விண்ணில் இருந்தோமா மண்ணில் இருந்தோமா தெரியவில்லை’ என்று சொன்னதெல்லாம் பிறகு சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். 6000 ஆள், ஒரு பெண், ஒரு நகரம் என்ற பேரம்தான் அடிக்கல். ஆனால் அந்த அழகு வெறும் கதை என்று தள்ளவும் முடியவில்லை. 1037ஐ ஒட்டி விளாதிமிரின் மகன் யாரோஸ்லாவ் கீவில் எழுப்பிய சோபியா கோயிலின் பதின்மூன்று குவிமாடங்களும், பின்சுவரில் கையுயர்த்தி நிற்கும் மரியாளின் கண்ணாடிச்சில்லு ஓவியமும், அதைச் சுற்றி எழுதிய கிரேக்க எழுத்தும், யாரோ ஒருவர் உண்மையிலேயே மயங்கியிருக்கிறார் என்று காட்டுகின்றன.

மருதம் எழுதியது:

எழுத்து கிரேக்கம், ஆனால் அந்தக் கோயிலில் வழிபாட்டு மொழி ஸ்லாவியம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அது கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து நேரே வந்ததும் அன்று. 863இல் மொராவியாவுக்குப் போன சிரில், மெத்தோதியஸ் உடன்பிறப்புகள் ஸ்லாவிய மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். அவர்களுடைய மாணவர்கள் பல்கேரியாவில் தஞ்சம் புகுந்து நூல்களைப் பெருக்கினார்கள். அந்த நூல்களே கீவுக்கு வந்தன. அதனால் கீவில் ஒருவன் கிரேக்கம் கற்காமலே நற்செய்தியை வாசிக்க முடிந்தது. பிளேட்டோவையும் ஹோமரையும் கற்க வேண்டிய தேவையும் வராமல் போயிற்று. வரவா செலவா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

கோயில் வழியாக வந்த கிரேக்கச் சொற்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அங்காடியிலும் அடுக்களையிலும் ஒட்டிக்கொண்டவைமேல்தான் கண். ரஷ்ய மொழியில் பாய்மரத் துணிக்குப் ‘பாருஸ்’, விளக்குக்கு ‘ஃபனார்’, கட்டிலுக்குக் ‘க்ரவாத்’, பீட்ரூட் கிழங்குக்கு ‘ஸ்வ்யோக்லா’, வெள்ளரிக்கு ‘அகுரேத்ஸ்’. எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை. புனித மாமாஸ் பகுதியில் ஆறு மாதம் தங்கியவன் உண்டதையும் படுத்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பட்டியல்போல இருக்கிறது. எல்லாம் 10ஆம் நூற்றாண்டில்தான் வந்தன என்று சொல்லவரவில்லை.

கூதிர் முதலில் கேட்ட கேள்விக்கு என் பங்காக ஒரு பானையை வைக்கிறேன். ஸ்மொலென்ஸ்க் நகரத்துக்கு அருகே க்னெஸ்தோவோ என்ற இடத்தில், 1949இல், 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இடுகாட்டு மேட்டிலிருந்து உடைந்த சாடி ஒன்று கிடைத்தது. தெற்கே கருங்கடல் பக்கத்தில் எண்ணெயோ மதுவோ நிரப்பப் பயன்படுத்தும் வகைச் சாடி அது. அதைத் தினேப்பரின் பாய்ச்சல்களைக் கடந்து, நீரோட்டத்துக்கு எதிராக அவ்வளவு தொலைவு யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். க்னெஸ்தோவோவின் மேடுகளில் வடநாட்டு வாளும் பொருள்களும் ஏராளம். அந்தச் சாடியின் தோளில் கீறியிருப்பதோ சிரிலிய எழுத்தில் ஒரே ஒரு ஸ்லாவியச் சொல். ‘கடுகு’ என்று படிக்கிறார்கள் சிலர். ‘எரியெண்ணெய்’ என்கிறார்கள் சிலர். ‘கொரூனுடையது’ என்று உரிமையாளன் பெயராகப் படிக்கிறவர்களும் உண்டு. விளாதிமிரின் திருமுழுக்குக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கோயிலும் குருவும் வராத ஊரில், எவனோ ஒருவன் தன் சரக்கின்மேல் தன் மொழியில் எழுதிவைத்திருக்கிறான்.

கூதிர் எழுதியது:

கடுகாகவே இருக்கட்டும் என்று மனம் சொல்கிறது. தலைப்பை மாற்றும் வசதி இருந்தால், கேடயத்தை எடுத்துவிட்டு இந்தச் சாடியை வைத்திருப்பேன்.